மூட்டு அடிக்கிறவரின் காது



இசையை ஆயுள் முழுவதும் படிப்பதால் என்ன பயன், இசைக்காரருக்கு வேண்டிய ஒழுக்கம் என்ன என்று இரண்டு தலைப்புகளைக் கொடுத்து இந்த அறக்கட்டளையினர் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு அவை ஒரே தலைப்பாகத்தான் தெரிகின்றன. அதைச் சொல்ல வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

இந்த ஊர்ப் பெயரைத் தாங்கி ஒரு மிருதங்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒலித்தது. வேலூர் ஜி. ராமபத்ரன் 1929இல் பிறந்தவர். தகப்பனார் கோபாலாச்சாரியார் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் வித்வான், குருவும் அவரே. ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், செம்மங்குடி என்று பெரிய பாடகர்கள் பலருக்கும் வாசித்தார். 2004இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 2012இல் காலமானார். அவர் வாசிப்பைப் பற்றி ரசிகர்களைக் கேட்டால் முதலில் வரும் சொல் ‘சௌக்கியம்’. பாடுகிறவருக்கும் சௌக்கியம், கேட்கிறவருக்கும் சௌக்கியம்.

இந்தச் சௌக்கியம் எங்கிருந்து வருகிறது? ஒரு கீர்த்தனையின் பல்லவியை வித்வான் எடுக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் கையில் நூறு சொற்கட்டு இருக்கிறது. நூறையும் அந்த ஓர் ஆவர்த்தனத்திலேயே கொட்டிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். பாட்டு எங்கே மூச்சு வாங்குகிறது, சாகித்யம் எங்கே நீள்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் கையை அடக்குவதுதான் கடினம். அதற்குக் கையைவிடக் காது அதிகம் பழகியிருக்க வேண்டும். மிருதங்கப் பாடத்தில் சொல்லை முதலில் வாயால் சொல்ல வைக்கிறார்கள், பிறகுதான் தோலில் வாசிக்க வைக்கிறார்கள். வாய் சொல்வதைக் காது கேட்டு, காது கேட்டதைக் கை செய்ய வேண்டும். கொன்னக்கோல் வித்வானின் பிள்ளைக்கு இது பால பாடம். கை அறுபது வயதில் தளரத் தொடங்கும். காது அப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆயுள் முழுவதும் படிக்கலாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இனி, சென்னைச் சபாக்களில் அதிகம் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் அதை விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வாழ்கிற நமக்குத் தோல் என்றால் என்னவென்று தெரியும். உப்புத் தடவிய பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும்போது அடிக்கும் வாடை தெரியும். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தினார்கள், பின்னால் குரோமியம் வந்தது என்பதும் தெரியும். பதப்படுத்திய தோல் வளையும், தைக்க வரும், செருப்பாகும், பூட்ஸாகும். ஆனால் அதில் நாதம் வராது. மிருதங்கத்துக்கு வேண்டியது பதப்படுத்தாத தோல். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் ஒரு வாத்தியத்துக்கு வேண்டும். இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். கன்று ஈன்ற பசுவின் தோலில்தான் நல்ல நாதம் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. தெய்வ வாத்தியம் என்று பூப்போட்டுக் கும்பிடுகிறோமே, அது இறைச்சிக் கடையிலிருந்து புறப்பட்டு, தோலைச் சுத்தம் செய்கிறவர் கை வழியாக நம் மடிக்கு வந்து சேர்கிறது. இதை மறைப்பது இசைக்காரருக்கு அழகில்லை.

வாலிபத்தில் நான் மிருதங்கம் படித்தேன். அதன் தோல் தலையைத்தான் மூட்டு என்கிறோம்; மூட்டு மாற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோவேன். தரையில் உட்கார்ந்து, கால்களுக்கு இடையில் வாத்தியத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வார். கரிய கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்திருப்பார். அதில் சுண்டைக்காய் அளவு எடுத்து வலப்பக்கத் தலையான வலந்தலையின் நடுவில் கட்டைவிரலால் இழுப்பார். வழவழப்பான கல்லால் தேய்ப்பார், தேய்ப்பார், ஈரம் போகும்வரை தேய்ப்பார். விரலால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி ஒரு பூச்சு. இப்படி எத்தனை பூச்சு என்று நான் எண்ணப் பார்த்து, பாதியில் விட்டிருக்கிறேன். “சுருதிக்கு நிக்குதா பாருங்க தம்பி” என்று என்னிடம் நீட்டுவார். நான் சரி என்பேன். அவர் வாங்கி இன்னொரு முறை தட்டிவிட்டு, “இல்ல தம்பி, இந்தக் கண்ணுல கொஞ்சம் எறங்குது” என்பார். அவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்கும். என் குருவுக்கு அடுத்தபடியாக எனக்குச் சுருதி சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ஒரு முறை மூன்று மாதம் இழுத்தடித்தேன். அந்த மிருதங்கத்தில்தான் கச்சேரி வாசித்தேன், சால்வை வாங்கினேன், சன்மானம் வாங்கினேன். அவரிடம் போகத்தான் நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் போனபோது, பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, “வாத்தியம் நல்லாப் பேசுச்சா?” என்றுதான் கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குத் தலை நிமிர்வதில்லை. நான் படித்த இசை, அந்த மூன்று மாதமும் எனக்குள் வேலை செய்யவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இந்த மறதி என் ஒருவனுடையது மட்டுமல்ல. பாலக்காடு மணி ஐயர் 1966இல் சங்கீத கலாநிதி ஆனார். மிருதங்கக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. அவருடைய வாத்தியங்களைச் செய்து கொடுத்தவர் பர்லாந்து. மணி ஐயரின் நாதம் இருவரும் சேர்ந்து தேடியது. ஆனாலும் பர்லாந்து என்ற பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகத்தை எழுதிய பிறகுதான், பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களான, வாத்தியம் செய்கிற இவர்களின் குடும்பக் கதை பொதுவெளிக்கு வந்தது. 2020இல் அந்தப் புத்தகத்தை வெளியிட இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. தோலைத் தொட்டு வாசிக்கிறோம், அதைச் செய்தவரின் கதையைக் கேட்க மட்டும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

தோலுக்குக் கணக்குக் கேட்கும் இன்னொரு வாத்தியம் கஞ்சிரா. அதற்கு உடும்புத் தோல்தான் என்றிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காத்தது. ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் கலைஞர்கள் மாறத் தொடங்கினார்கள். நாதம் அதே மாதிரி இல்லை என்ற குறை உண்டு. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வதும் வித்தையில் சேர்த்திதான்.

இதே வேலூரின் பெயர் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே செய்த செருப்பு அழகானது, ஏற்றுமதியாகிறது, டாலர் வருகிறது, எல்லாம் உண்மை. பாலாற்றுத் தண்ணீரைக் கெடுக்க அது சமாதானம் ஆகாது என்றது நீதிமன்றம். இசைக்கும் இதே கணக்குதான். 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகில் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பெண்கள் பலர் வாய் திறந்தார்கள். மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் சீசனில், குற்றச்சாட்டுக்கு ஆளான ஏழு கலைஞர்களை நீக்கியது. உடனே சிலர், “அவர் தோடி பாடினால் கண்ணில் தண்ணீர் வருமே” என்றார்கள். வரட்டும். தன் எதிரே பாடம் கேட்க உட்கார்ந்த பிள்ளைக்கு அவரால் கண்ணில் தண்ணீர் வந்திருந்தால் எந்தத் தோடியும் அதற்கு ஈடாகாது. பாட்டு வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பேசுவது கேட்கிறவருக்கு வசதி. மாணவிக்கு அந்த வசதி இல்லை. அவள் பாடம் கற்பது அந்த ஆளிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது பம்பையும் பறையும் முன்னால் வருகின்றன. அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், மணிக்கணக்காகக் காலப்பிரமாணம் குலையாமல் அடிக்கிறார்கள். அதுவும் தோல், அதுவும் தாளம், அதுவும் சாதகம். சபாவில் வாசிக்கிறவருக்கு நாம் கொடுப்பது சன்மானம். இவர்களுக்குக் கொடுப்பது கூலி. ஒரே வித்தைக்கு இரண்டு சொல் வைத்திருக்கிற வரையில் நம் காது இன்னும் பாதிதான் படித்திருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, பிள்ளையைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். “மேடை ஏறுவாளா சார்?” என்று கேட்கிறார்கள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தப்பாமல் போடவும், பக்கத்துப் பிள்ளை பாடும்போது தன் முறை வரும்வரை கவனித்து இருக்கவும் அவள் கற்றுக்கொண்டால், அது எழுபது வயதிலும் அவளோடு இருக்கும். அந்தப் படிப்புக்குப் பரீட்சை இல்லை, ஓய்வு வயதும் இல்லை.

மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. அடுத்த முறை மூட்டு மாற்றக் கொண்டுபோகும்போது, கொடுத்துவிட்டு ஓடி வராதீர்கள். அன்று முழுவதும் அங்கேயே உட்காருங்கள். அவர் எதைக் கேட்கிறார் என்று கேளுங்கள். பணத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இந்த அறக்கட்டளையிடமும் வேலூர், ஆம்பூர் சபாக்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம் என்று பெயர் போடுகிறீர்கள். மிருதங்கத்துக்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள்: மூட்டு அடித்தவர் இன்னார் என்று. அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த வரியோடு அழைப்பிதழ் வரட்டும். மூட்டு அடித்தவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள்.