பழைய நிலப்படமும் பாட்டன் வாழ்ந்த லயமும்

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மன்னர் பரம்பரைக்குக் கல்வெட்டு உண்டு. நிலக்கிழாருக்குப் பத்திரம் உண்டு. பால்மரம் சீவிய பரம்பரைக்கு என்ன உண்டு? தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் அதையும் அழித்து வீடுகள் கட்டினார்கள். “பாட்டன் வாழ்ந்த லயம் எங்கே?” என்று பிள்ளை கேட்டால், கை காட்ட இடமில்லாமல் நிற்கிறோம். ஆனால் அந்த இடம் காகிதத்தில் அழியாமல் இருக்கிறது, தோழர்களே! பழைய நிலப்படத்தில் இருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் சர்வே இலாகா மலாயாவை அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் படங்கள் வெளியிட்டது. ஆறு, சாலை, ரயில் நிலையம், ரப்பர் நிலம், தோட்டத்தின் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு. நமக்காக வரைந்தவை அல்ல; ஆயினும் நமக்குப் பயன்படும்.

எப்படி என்று கேட்பீர்கள். நம் பெரியவர்கள், “டவுனிலிருந்து ஏழாங்கட்டையில் இறங்கணும்” என்பார்கள். கட்டை என்பது மைல்கல். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்றால், ஏழு கட்டைக்கு ஏழு அங்குலம்! சாலை வளைந்து செல்வதால் அடிக்கோல் உதவாது. ஒரு நூலைச் சாலையின் வளைவோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பரப்புத் தெரிந்தால் இன்னும் நல்லது. 640 ஏக்கர் ஒரு சதுர மைல், படத்தில் ஒரு சதுர அங்குலம். பிரதி எடுக்கும்போது படம் சுருங்கியோ விரிந்தோ இருக்கலாம். அப்போது படத்தின் அடியில் அச்சிட்ட அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும்.

மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, பெயர். படத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நம்மவர்கள் மலையையும் ஆற்றையும் துரையையும் வைத்து வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயர், வாயில் வழங்கிய பெயர், பக்கத்து ரயில் நிலையம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு தேடுங்கள். ஊர்ப் பெயர்களும் மாறின. சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகமாயிற்று. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று.

இரண்டாவது, ஆண்டு. ஒரு படம் போதாது. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். ஆகவே தாத்தா பிறந்த லயம் வேறாகவும், அப்பா பிறந்த லயம் வேறாகவும் இருக்கலாம். அவசரகாலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு படங்களை ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, பூர்வீகம். “திருச்சி ஜில்லா” என்று மட்டும் பழைய தாளில் இருந்தால், இன்றைய திருச்சியில் மட்டும் தேடாதீர்கள். 1995-இல் அதிலிருந்து கரூரும் பெரம்பலூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. சேலத்திலிருந்து நாமக்கல் 1997-இல் பிரிந்தது. தாலுகாவின் பெயரையும் கேட்டு வையுங்கள்.

படங்களுக்கு எங்கே போவது? கோலாலம்பூரில் 1957-இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் பழைய படங்கள் உள்ளன. அவற்றிற் பலவற்றைக் கணினியிலேயே பார்க்கலாம்.

தோழர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் படத்தில் துரையின் பங்களா இருக்கும். உங்கள் பாட்டியின் பெயர் இருக்காது. லயம் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் யார் வாழ்ந்தார்கள் என்பது பெரியவர்களின் நெஞ்சில் மட்டுமே இருக்கிறது. 1942, 43-இல் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் சென்று திரும்பாமற் போனவர்களுக்குக் கல்லறை எங்கே? பல குடும்பங்களுக்கு அவர்கள் கடைசியாக வாழ்ந்த லயமே நினைவிடம்.

ஆகவே படத்தின் பிரதியோடு பெரியவர்களிடம் போங்கள். பிரட்டுக்களம், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், இடுகாடு ஆகியவை எங்கே இருந்தன என்று கேட்டுக் குறியுங்கள். எந்த வீட்டில் யார் என்று எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் போடுங்கள்.

நிலப்படம் நிலப்பட்டா ஆகாது. அது மட்டும் உரிமை வாங்கித் தராது. ஆனால் நிலம் கைமாறும் வேளையில், “இங்கே கோயிலும் இல்லை, குடியும் இல்லை” என்று ஒருவர் வாய்கூசாமல் சொன்னால், ஆண்டு அச்சிட்ட படத்தை மேசைமேல் விரித்து நாம் பேசலாம். வெறுங்கையோடு பேசுவதும் ஆதாரத்தோடு பேசுவதும் ஒன்றல்ல என்பது சங்கத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படம் காப்பகத்தில் காத்திருக்கும். பெரியவர்களின் வயது காத்திராது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.