சக்தி இசைக்குழுவும் ஒரு மண்பானையும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், சிவகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி எனக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆன ஆள், சேமிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது பாட்டைப் பற்றி. காரணம் இருக்கிறது. மத்தியானம் பொதுக்குழுவில் ஒரு மனு வருகிறது. நம் மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்துகிறார்கள். காலையில் வாசித்ததைக் கேட்டீர்கள். சொந்தமாகக் கட்டிய பாட்டுகளை ஆல்பமாக வெளியிட வேண்டும், பிறகு சிங்கப்பூர், துபாய் என்று நம் பழைய மாணவர்கள் இருக்கிற ஊர்களுக்குப் போய் வாசிக்க வேண்டும், அதற்குச் சங்கம் உதவ வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். டீ குடிக்கும்போது நம்ம ஆள் ஒருத்தர் கேட்டார்: “சினிமாப் பாட்டு ஆயிரம் கிடக்கு, இவனுவ சொந்தப் பாட்டை எவன் வே கேப்பான்?” நியாயமான கேள்விதான். பதிலை நான் சொல்லவில்லை. ஒரு குழுவின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2023 ஜூன் மாதம் ‘திஸ் மொமென்ட்’ என்று ஒரு ஆல்பம் வந்தது. எட்டு உருப்படிகள். வெளியிட்டது பெரிய கம்பெனி இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவிலிருந்து நடக்கும் ஒரு சின்னச் சுயேச்சை நிறுவனம். இப்போது பிள்ளைகள் ‘இண்டி’ என்று சொல்கிறார்களே, அந்த வகை. குழுவின் பெயர் சக்தி. கிதார் ஜான் மக்லாஃப்லின், தபலா ஜாகிர் உசேன், பாட்டு சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன் (கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் மூத்தவர்), கஞ்சிரா வி. செல்வகணேஷ். அந்த வருஷம் ஜனவரியில் இந்தியாவில் ஆரம்பித்து, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றி வந்தார்கள். குழு தொடங்கி ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடும் சுற்றுப்பயணம். மக்லாஃப்லினுக்கு அப்போது வயது 81. நமக்கு அந்த வயதில் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி இறங்கினாலே மூச்சு வாங்கும்! 2024 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது.

விருதை விடுங்கள். இந்தக் குழு அதற்கு முன்னால் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆல்பம் போட்டது 1970-களில். நடுவில் 45 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு இசைக்குழு எப்படி அவ்வளவு காலம் காத்திருக்க முடியும்? எனக்குத் தெரிந்தவரை அதன் ரகசியம் முதல் ஆல்பத்திலேயே இருக்கிறது. அந்த முதல் ஆல்பம் பதிவானது ஒரு கல்லூரியில் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1975 ஜூலை 5-ஆம் தேதி, நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் இருந்த சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரி அது.

மக்லாஃப்லின் அப்போது உலகமறிந்த ஆள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற பேரில் மின்கிதாரை வைத்து மேடையை அதிர வைத்தவர். அதே சமயம் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, சாதாரண மரக் கிதாருடன் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலினுடன் எல். சங்கர், தபலாவுடன் இளைஞர் ஜாகிர், மிருதங்கத்துடன் ஆர். ராகவன், மண்பானையுடன் விக்கு விநாயக்ராம். பழைய ரசிகர்களில் பலர் பின்வாங்கினார்கள். விற்பனையும் முந்தின அளவுக்கு இல்லை. ஆனால் ஆல்பத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘சக்தி, வித் ஜான் மக்லாஃப்லின்’. குழு முதலில், கூட இவர். ஊரறிந்த மனுஷன் தன் பெயரை ‘கூட’ என்ற இடத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்.

இப்போது அந்த மண்பானைக்கு வருகிறேன்.

கச்சேரிகளில் கடம் உபபக்கவாத்தியம். பாடகர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். கடக்காரர் கொஞ்சம் தள்ளி அல்லது பின்னால். தனி ஆவர்த்தனத்தில் அவருக்குக் கிடைப்பது மிருதங்கம் விட்டுக்கொடுக்கிற நேரம். மைக் சில சமயம் வரும், சில சமயம் வராது. விநாயக்ராம் நம் தூத்துக்குடியில்தான், 1955-இல், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனாக அரங்கேறினார். அப்பா ஹரிஹர சர்மா சென்னையில் தாள வாத்தியப் பள்ளி நடத்திய குரு. பிற்பாடு எம்.எஸ். போன்ற பெரியவர்களுக்கெல்லாம் வாசித்தவர் விநாயக்ராம். அப்படிப்பட்டவருக்கும் மேடையில் இடம் அந்த ஓரம்தான். சக்தியில் அவரும் கிதாரும் ஒரே வரிசை. கிதார் ஒரு கேள்வி கேட்டால் கடம் பதில் சொல்லும். தபலா சீண்டினால் கடம் திருப்பிச் சீண்டும். பானை வாயை வயிற்றோடு அழுத்தியும் விட்டும் அவர் வரவழைக்கிற ‘கும்’கார நாதத்தை, நான் எண்பதுகளில் மதுரைக் கிளையில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த ஒருவர் கொடுத்த கேசட்டில் முதல்முதலாகக் கேட்டேன். டேப் தேய்ந்து, கிதார் சத்தம் மங்கிவிட்டிருந்தது. பானை மட்டும் கணீரென்று கேட்டது.

மக்லாஃப்லினும் விநாயக்ராமும் 1942-இல் பிறந்தவர்கள். ஒருவர் யார்க்‌ஷயர், ஒருவர் சென்னை. அது தற்செயல்தான், இருந்தாலும் சொல்ல ஆசை. விநாயக்ராம் ஜாகிர் உசேனோடு பங்கேற்ற ‘பிளானட் டிரம்’ ஆல்பத்துக்கு 1992-இல் கிராமி கிடைத்தது. 2024-இல் மகன் செல்வகணேஷுக்குச் சக்தியில். ஓரத்தில் உட்கார்ந்த வாத்தியக்காரர் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாக.

அந்தப் பானை எங்கிருந்து வருகிறது? சிலம்பு எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவர்கள் தூக்கத்தில் தாண்டிவிடுகிற மானாமதுரையில் இருந்து. நல்ல கடத்துக்குப் பேர்போன ஊர். மண்ணைக் குழைத்து, வனைந்து, ஈரம் காயுமுன் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டும். கனம் எங்கும் ஒரே சீராக வந்தால்தான் சுருதி நிற்கும். சூளையில் ஒரு கீறல் விழுந்தால் அது தண்ணிப் பானைக்குக்கூட ஆகாது. அங்கே கடம் செய்யும் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. வாத்தியம் வாசிப்பவருக்கு இல்லை, செய்பவருக்கு! 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

சக்தி 1978-வாக்கில் கலைந்தது. 1997-இல் மறுபடி கூடியது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்தார். அவர் 2014-இல், 45 வயதில் போய்விட்டார். குழு மௌனமாகிவிட்டது. ‘திஸ் மொமென்ட்’டில் ஒரு உருப்படியின் பெயர் ‘ஸ்ரீனிஸ் டிரீம்’. அவர் இல்லாமல் ஒன்பது வருஷம் கழித்து வந்த ஆல்பம்; அதிலும் அவருக்கு ஒரு இடம். 2024 டிசம்பர் 15-இல் ஜாகிர் உசேனும் காலமானார். ஐம்பதாண்டுப் பயணத்தை எல்லாரும் பார்த்தாகிவிட்டது என்பதில் ஒரு ஆறுதல்.

சரி, நம்ம பையன்களுக்கு வருகிறேன். தம்பிகளா, உங்கள் போஸ்டரைக் கேட் பக்கம் பார்த்தேன். பாட்டு இன்னார், கிதார் இன்னார், கீபோர்டு இன்னார், வரிகள் இன்னார். அதற்குக் கீழே ‘மற்றும் குழுவினர்’. அந்த மற்றவர்கள் யார் என்று விசாரித்தேன். ஒருத்தர் பம்பை, ஒருத்தர் தவில். தவில் வாசிக்கிற பிள்ளையின் அப்பா நையாண்டி மேளத்தில் இருக்கிறார். பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க நிற்கிற மேளம் அது. காலையில் உங்கள் மூணாவது பாட்டில் கூட்டம் எந்த இடத்தில் எழுந்து நின்றது? தவில் உள்ளே நுழைந்த இடத்தில். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போஸ்டருக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு மைக்கும் இல்லை. ‘தவிலுக்கு எதுக்கு மைக், அதான் ஊருக்கே கேக்குதே’ என்று ஒருத்தர் சொன்னது என் காதில் விழுந்தது. கேட்பது வேறு, கேட்கிற மாதிரி வைப்பது வேறு அப்பா. மைக் இல்லாத தவில் அரங்கத்தை நிரப்பும். பதிவு செய்த பாட்டில் காணாமல் போகும். நீங்கள் போடப்போவது ஆல்பம்.

பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஓட்டு என்னுடையது. ஆனால் மனுவில் மூன்று திருத்தம் கேட்கிறேன். ஒன்று, ஆறு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், ஆல்பத்திலும் போஸ்டரிலும். இரண்டு, வருகிற பணம் ஆறு பங்கு. இதை இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஐந்து ரூபாய் வரும்போது பேசுவது சுலபம், ஐந்து லட்சம் வந்த பிறகு அண்ணன் தம்பியே பேச மாட்டான். இதை பேங்க்காரனாகச் சொல்கிறேன். மூன்று, ஸ்டுடியோவுக்குப் போகுமுன் ஆறு மாசம் ஒத்திகை. அதற்குப் பழைய விடுதியில் பூட்டிக் கிடக்கிற கடைசி அறையைத் திறந்துவிட வேண்டும். சாவி முதல்வர் அலுவலகத்தில் இருக்கிறது என்கிறார்கள். ஓடு மாற்றுகிற செலவை எங்கள் செட் ஏற்கிறது.

திருத்தத்தை வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கு இரண்டு பாயசமாம், பந்தியில் உட்கார்ந்துவிட்டால் நம்மில் யாரும் பொதுக்குழுவுக்கு எழுந்து வரமாட்டோம்.