ஈஸ்ட் வேறு, ஈஸ்டர்ன் வேறு



இன்று திசைகளின் ஆங்கிலப் பெயர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் செய்த ஒரு தவறுதான் இதற்குக் காரணம்.

நம் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். அவருடைய கணவர் ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்தவர். இறந்துவிட்டார். குடும்ப பென்சனுக்கு நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். உறையின் மேல் 'ஈஸ்டர்ன் ரயில்வே' என்று எழுதினேன். 'சவுத்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் வீணாயிற்று. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

நம் கொல்கத்தாவில் ஈஸ்டர்ன் ரயில்வேயும் உண்டு. சவுத் ஈஸ்டர்ன் ரயில்வேயும் உண்டு. முதலாவதன் தலைமை அலுவலகம் ஃபேர்லி பிளேசில் இருக்கிறது. இரண்டாவதன் தலைமை அலுவலகம் கார்டன் ரீச்சில் இருக்கிறது. 1952ல் ஈஸ்டர்ன் ரயில்வே தொடங்கியது. 1955ல் அதிலிருந்து சவுத் ஈஸ்டர்ன் பிரிந்தது. ஊருக்குப் போக நாம் சென்னை மெயில் ஏறுகிறோமே, அது ஹவுராவில் புதிய கட்டடத்திலிருந்து புறப்படும். அது சவுத் ஈஸ்டர்ன் பக்கம்.

சரி, ஈஸ்ட் என்றால் என்ன? ஈஸ்டர்ன் என்றால் என்ன?

ஈஸ்ட் என்றால் கிழக்கு. ஈஸ்டர்ன் என்றால் கிழக்கைச் சேர்ந்தது. நம் தமிழிலும் இப்படி உண்டு. தெற்கு என்கிறோம். ஊர்ப் பெயரில் சேரும்போது தென்காசி என்கிறோம். வடக்கு என்கிறோம். ஆனால் வடபழனி என்கிறோம். அது போலத்தான் சவுத் என்பது சதர்ன் ஆகிறது. நார்த் என்பது நார்தர்ன் ஆகிறது. வெஸ்ட் என்பது வெஸ்டர்ன் ஆகிறது.

ஆனால் பெயர்களில் இந்த விதியை நம்பக் கூடாது. நம் மாநிலம் வெஸ்ட் பெங்கால். வெஸ்டர்ன் பெங்கால் என்று யாரும் எழுதுவதில்லை. ரயில்வேயில் குழப்பம் இன்னும் அதிகம். நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேக்குத் தலைமையிடம் உத்தரப் பிரதேசத்தில் உள்ள கோரக்பூர். நார்த் ஈஸ்ட் ஃபிராண்டியர் ரயில்வேக்குத் தலைமையிடம் அஸ்ஸாமில், குவாஹாத்தியில் உள்ள மாலிகாவ். ஈஸ்ட் சென்ட்ரலுக்கு பீகாரில் ஹாஜிப்பூர். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு ஒடிசாவில் புவனேசுவரம். ஒரு சொல் மாறினால் கடிதம் வேறு மாநிலத்துக்கே போய்விடும்!

பெயரை வைத்துத் திசையையும் சொல்ல முடியாது. தட்சிணம் என்றால் தெற்கு. ஆனால் தட்சிணேசுவரம் காளி கோயில் நம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது.

அதனால் விலாசத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதிலாவது பெயர் அச்சாகி இருக்கும். அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதுங்கள்.

இரண்டாவது மனுவின் உறையில் அக்காவே விலாசம் எழுதினார். கணவரின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு உறையை என்னிடம் நீட்டினார்.

"சவுத் இருக்கிறதா, பார் தம்பி" என்றார்.

இருந்தது.