கார்த்திகை வெள்ளம்

வெள்ளம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பரந்த சமவெளியும் அதன்மேல் பெருகிவரும் ஆறுமே. மட்டக்களப்பிலும் கிளிநொச்சியிலும் வாழ்வோர்க்கு அக்காட்சி பழகியது. மலையில் வாழும் எங்களுக்கோ வெள்ளம் கீழிருந்து ஏறுவதோடு நிற்பதில்லை. தலைக்கு மேலிருந்தும் இறங்குகிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு வாரமும் இல்லாத வேளையில், ‘டித்வா’ என்னும் சூறாவளியோடு அது எங்களிடம் வந்தது.

கம்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டமொன்றின் நடுவேயுள்ள அரசினர் பாடசாலையில் நான் அதிபராகப் பணியாற்றுகிறேன். எங்கள் பக்கத்தார் அஞ்சும் மழை தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கம்பளையையும் பேராதனையையும் மகாவலி மூழ்கடித்த கதையைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மார்கழியை ஒட்டி வரும் மழையை நாங்கள் பெரும்பாலும் குளிராகவும் பனிமூட்டமாகவுமே அறிந்திருந்தோம். சூறாவளிக்கு இந்த ஒழுங்கெல்லாம் ஏது?

நவம்பர் 27ஆந் திகதி, வியாழக்கிழமை. மழை விட்டபாடில்லை. பிற்பகலில் என் கைப்பேசிக்கு எச்சரிக்கையொன்று வந்தது. அது சிங்களத்தில் இருந்தது. எனக்கு அம்மொழி தெரியும். எங்கள் லயத்துப் பெரியவர்களுள் பலருக்கு அதைப் பேசத் தெரியுமேயன்றி வாசிக்கத் தெரியாது. ஆகவே குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குப் போய், மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்று தமிழில் எடுத்துரைத்தேன். எல்லாரும் மரியாதையோடு கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. இஸ்தோப்பில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், “ஆறு அங்குலம் என்று சொல்லுங்க ஐயா. அப்பதான் விளங்கும்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தோட்டங்களில் மழைமானி வைத்து, நாள்தோறும் அங்குலக் கணக்கில் குறித்துவைப்பது பழைய வழக்கம். ஒரு பரம்பரையே அந்தக் கணக்கில் வளர்ந்தது. மொழிபெயர்த்தேன் என்று நான் மகிழ்ந்திருக்க, பாதியைத்தான் மொழிபெயர்த்திருந்தேன்!

ஆயினும் அன்றிரவு மக்களைக் கிளப்பியது என் பேச்சுமன்று, அங்குலமுமன்று. தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போன பாட்டி ஒருவர் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். “பீலித் தண்ணி செம்மண்ணாக் கலங்கிடுச்சு. மலை உள்ளே கரையுது. பிள்ளைகளைத் தூக்குங்க” என்றார். மலையூற்று திடீரெனக் கலங்குவதும், வற்றுவதும், புதிய இடத்தில் ஊற்றெடுப்பதும் மண்சரிவுக்கு முன்னடையாளங்கள். சுவரில் வெடிப்புக் காண்பதும், நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் பொருந்தாமற் போவதும், மரங்கள் சாய்வதும் அத்தகையனவே. ஆய்வாளர்கள் எழுதிவைத்திருப்பதைப் பாட்டி குடத்திலே கண்டார். இரவு பத்து மணியளவில் எல்லாரும் பாடசாலை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். விடிந்தபோது அந்த லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

மறுநாள் கீழேயிருந்த சிங்களக் கிராமத்தாரும் ஓயாப் பெருக்குக்குத் தப்பி எங்களிடம் ஏறிவந்தனர். மலையிலிருந்து இறங்கியவரும் ஆற்றிலிருந்து ஏறியவரும் ஒரே மண்டபத்தில் படுத்தனர். பாதை அறுந்தது, மின்சாரம் இல்லை, விறகெல்லாம் நனைந்துபோயிற்று. பொருட்பதிவேட்டிலிருந்த உடைந்த மேசைகளை அடுப்பில் வைக்கும்படி நானே சொன்னேன். (அவற்றைப் பற்றிப் பின்னர் கேட்கப்பட்டபோது காட்டுவதற்குச் சாம்பல்கூட இருக்கவில்லை.) விளக்கீட்டு மாலையில் பெண்கள் தேங்காய்ச் சிரட்டைகளில் திரியிட்டு ஏற்றினார்கள். கீழ்க்கிராமத்துச் சிறுமிகளும் சேர்ந்து ஏற்றினார்கள்.

நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் அந்தப் பேரிடரில் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது கண்டியே, 200க்கு மேற்பட்டோர். பேராதனையில் மகாவலியின் மேலுள்ள புகையிரதப் பாலமும் சிதைந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாக விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். எங்கள் கணக்கப்பிள்ளையின் மொழியில் ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு அங்குலம். ஆறு அங்குல மழையென்றால் ஓர் ஏக்கர் நிலத்தின்மீது ஏறத்தாழ 600 தொன் நீர் விழுந்திருக்கிறது என்பது பொருள். அவ்வளவு பாரத்தையும் ஒரு சரிவு குடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன. மழை ஓய்ந்த பின்னும் அந்தப் பாரம் உடனே இறங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்கிறேன்.

இப்பொழுது எங்கள் மைதானத்தில் நேரான சுவருடைய பால்மாப் பேணியொன்று, மரநிழலோ கூரைத் தாழ்வாரமோ அண்டாத இடத்தில் நிற்கிறது. காலையில் மாணவர் அளவுகோலை விட்டுப் பார்த்து, வாயிற் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவர். பின்பு பேணியைக் கவிழ்த்துவிடுவர். பெருமழை நாளில், பேணியைக் கவிழ்க்காமல், மணிக்கொருமுறை பார்ப்பதற்கு லயத்து இளைஞர் இருவர் பொறுப்பேற்றிருக்கின்றனர். விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருந்தால் அடுத்த கார்த்திகை முந்திக்கொள்ளும்.

ஆனால் கொஸ்லாந்தை மீரியபெத்தையை நான் மறக்கவில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி அங்கே லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த மலை ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு எங்கே போவான்?

எங்கள் லயத்தில் எஞ்சிய காம்பராக்களில் மக்கள் மீண்டும் குடியேறிவிட்டனர். பீலிக்கரைப் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார். சென்ற வாரம் வாயிற் பலகையின் முன் நின்று பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஆறு வந்தா ஓடி வந்துருவோம் ஐயா. மழை விட்டதும் திரும்பவும் அங்கேதானே போகணும்?” என்றார்.

அவருக்கு விடை சொல்ல வேண்டியவர் நான் மட்டும் அல்லேன்.