மோட்டார் வண்டிக்கு மெருகிடும் கருவி

"அறுக்க மாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள்" என்பது நம் பழமொழி. கருவிகளைச் சேர்ப்பதில் உள்ள ஆர்வம், அவற்றைத் தெரிந்து எடுப்பதில் இல்லாதவர்களைக் குறித்து எழுந்த மொழி அது. மோட்டார் வண்டிக்கு மெருகேற்றும் இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணும் நேயர்கள் இதனை முதலில் நினைத்துக்கொள்வது நலம். வேறு கருவிகளைத் தவறாகத் தேர்ந்தால் பணம் மட்டுமே வீணாகும். இக்கருவியைத் தவறாகத் தேர்ந்தாலோ வண்டியின் மேனியே மீளாதபடி தேய்ந்துபோகும்.

தில்லி, மும்பை, புனே, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் நம்மவருள் பலர், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டோ கடன் பெற்றோ ஒரு கார் வாங்குகின்றனர். அதை நிறுத்தக் கூரையுள்ள இடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீதியோரம் நிற்கும் வண்டியின்மேல் இரவெல்லாம் புழுதி படிகிறது. தில்லியின் கோடைக்காற்று மேற்கிலிருந்து மணலையும் சுமந்து வருகிறது. விடியற்காலையில் துடைப்பவர் வந்து, ஒரே வாளி நீரில் பல வண்டிகளைத் துடைக்கிறார். அல்லது உலர்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டித் துடைத்துச் செல்கிறார். புழுதியோடு சேர்ந்து உரசும் துணி, மெல்லிய உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடுகிறது. ஓராண்டு கழிந்தபின் கரிய நிற வண்டியை வெயிலில் நோக்கினால், சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமான கீறல்கள் தெரியும்.

இக்கீறல்களை நீக்கவே மெருகிடுகிறோம். மெழுகு கீறலை மறைக்கும்; மெருகோ, கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும். ஆகவே மெருகிடும் ஒவ்வொரு முறையும் பூச்சில் ஒரு பகுதி குறைகிறது என்பதை மறத்தலாகாது.

அப்பூச்சின் கனந்தான் எவ்வளவு? எஃகுத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பின்னர் இடைப்பூச்சு, அதன்மேல் நிறம், அனைத்துக்கும் மேலாக நிறமற்ற கண்ணாடி போன்ற மேற்பூச்சு என்று அது அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. தொழிற்சாலையில் இடப்படும் இவ்வடுக்குகள் யாவும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதுமாகிய மேற்பூச்சு மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. பழைய அம்பாஸிடர் வண்டிகள் பலவற்றில் நிறமே மேற்பூச்சாக இருந்தது. தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டி நம்மை எச்சரித்தது. இன்றைய மேற்பூச்சோ நிறமற்றது. அது எவ்வளவு தேய்ந்தது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. சில ஆண்டுகள் சென்று வெயிலில் பூச்சு வெளுத்து உரியும்போதுதான் நட்டம் புலப்படும்.

எனவே இயந்திரத்தைத் தேரும்போது, "எது விரைவாகத் தேய்க்கும்?" என்று கேட்பதைவிட, "என் கை தவறினால் எது பொறுத்துக்கொள்ளும்?" என்று கேட்பதே அறிவுடைமை. இக்கேள்வியை வைத்துக்கொண்டு கடையில் கிடைக்கும் வகைகளை ஆராய்வோம்.

முதலாவது, பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ரோட்டரி. சாணைக்கல்லைப் போல ஒரே அச்சில் சுழல்வது. நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்றுவரை செல்லக்கூடியது. உப்புத்தாள் இட்ட தழும்பையும் விரைவில் போக்கிவிடும். ஆனால் ஓரிடத்தில் சற்றே தங்கினாலும் சூடேறும். விளிம்புகளில் பூச்சை அறுத்துவிடும். பழகாத கையில், வெயிலில் மட்டும் தெரியும் நிழற்கோடுகளை விட்டுச்செல்லும். தேர்ந்த தொழிலாளிக்கு அது சிறந்த துணை, புதியவருக்கு ஏற்றதன்று. தோற்றத்தில் அதனை ஒத்த ஆங்கிள் கிரைண்டரை மெருகிடுவதற்குக் கொள்ளவே கூடாது. அது நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றளவில் ஓடி இரும்பை அறுக்கப் பிறந்த கருவி.

இரண்டாவது, டூயல் ஆக்‌ஷன் எனப்படும் இருவகை இயக்கமுடையது. ஆட்டுக்கல்லில் குழவி குழியைச் சுற்றி வருவதோடு தானும் சுழல்கிறதன்றோ? அவ்வாறே இதன் வட்டும் சிறு வட்டப் பாதையில் சுற்றி வந்துகொண்டே தன்னளவிலும் சுழல்கிறது. ஒரே புள்ளியில் உராய்வு நிலைப்பதில்லையாதலால் சூடு குறைவு. அளவுக்கு மீறி அழுத்தினாலோ, சாய்த்துப் பிடித்தாலோ சுழற்சி நின்று அதிர்வு மட்டும் மிஞ்சும். இதைக் குறையென்று சொல்வாருண்டு. வீட்டில் பழகுவோருக்கு அதுவே காவல். வட்டைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மையால் ஒரு கோடு இட்டுக்கொண்டால், சுழற்சி நிற்பதை உடனே காணலாம்.

மூன்றாவது, பற்சக்கரத்தால் இவ்விரு இயக்கத்தையும் கட்டாயமாக நிகழ்த்துவது. ஜெர்மானிய நிறுவனமாகிய ஃப்ளெக்ஸின் எக்ஸ்.சி. 3401 இவ்வகையில் பெயர்பெற்றது. வளைந்த பகுதியிலும் இதன் சுழற்சி நிற்காது. அதற்கேற்பச் சூடும் அதிர்வும் மிகும். சொந்த வண்டி ஒன்றே உள்ளவருக்கு இரண்டாவது வகையே போதும்.

அவ்வகையிலும் வீச்சின் அளவு பார்க்க வேண்டும். வட்டு சுற்றும் சிறு வட்டப் பாதையின் அகலம் 8, 15, 21 மில்லிமீட்டர் எனப் பலவாறு இருக்கும். வீச்சு மிகுந்தால் வேலை விரையும். ஆனால் குறுகிய இடங்களில் தடுமாறும். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் சிறிய கார்களுக்கு 15 மில்லிமீட்டர் வீச்சும் 125 மில்லிமீட்டர் தட்டும் பொருந்தும். அகன்ற பானட்டுடைய பெரிய வண்டிக்கு 21 கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவிலுள்ள மகனோ மருமகனோ வரும்போது அங்கிருந்து கொண்டுவரச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அந்நாட்டு இயந்திரம் 120 வோல்ட்டுக்கு அமைந்தது; நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிற்குமிடத்தில் மின் இணைப்பு இல்லாதவர் பேட்டரியால் இயங்குவதைக் கருதலாம். ஆனால் முழு வண்டியையும் முடிக்க ஒரு பேட்டரி போதாது.

தில்லியின் கரோல் பாகிலோ பெங்களூரு ஜே.சி. சாலையிலோ கடை ஏறும்போது, வாட் எண்ணிக்கையைக் கேட்டு மயங்காமல் வேறு சில கேள்விகள் கேளுங்கள். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் வழியுண்டா? மெல்லத் தொடங்கும் அமைப்புண்டா? எடை என்ன? இரண்டு கிலோவுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு, நான்கு மணி நேரம் கையில் ஏந்தியபின் தெரியும். கார்பன் பிரஷ், தாங்கு தட்டு ஆகியவை நாம் வாழும் ஊரிலேயே கிடைக்குமா? மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் உத்தியோகஸ்தர்களுக்கு இக்கேள்வி முக்கியமானது.

வாங்கிய இயந்திரத்தை முழு வண்டியிலும் ஓட்டிவிடலாகாது. நன்கு கழுவி, நிழலில் நிறுத்தி, இரண்டடிச் சதுரத்தில் மிக மென்மையான பஞ்சு வட்டையும் மிக மென்மையான பாலிஷையும் முதலில் சோதித்துப் பாருங்கள். அது போதுமானால், கடுமையான காம்பவுண்டை நாடவேண்டா. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிதாக இருக்கும். காகித நாடா ஒட்டிக் காத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது; ஆங்கே கை நில்லாது நகர்தல் வேண்டும். பழைய வண்டியை விலைக்கு வாங்கியவர், பூச்சின் கனத்தை அளக்கும் சிறு மானியால் முன்னரே அளந்து பார்ப்பது நன்று. பிற இடங்களைவிட ஓரிடம் மிகக் குறைவாகக் காட்டினால், அங்கே முன்னொருவர் தேய்த்திருக்கிறார் என்று கொண்டு விட்டுவிட வேண்டும். நகம் மாட்டும் அளவுக்கு ஆழ்ந்த கீறலையும் விட்டுவிடுவதே முறை. ஒரு கீறலோடு வண்டி பல்லாண்டு வாழும், மேற்பூச்சின்றி வாழாது.

முடிவாக ஒன்று. எத்துணை நல்ல இயந்திரமாயினும், அதை அடிக்கடி எடுக்க நேரின் நட்டமே. துடைப்பவரிடம் கோபம் கொள்வதில் பயனில்லை. அவருக்கு வேண்டிய நீரும் நேரமும் யாரும் கொடுப்பதில்லை. மென்மையான மைக்ரோஃபைபர் துணி இரண்டும், துணியை அலச மற்றொரு வாளியும் அவரிடம் கொடுத்து, உலர்ந்த புழுதியை உரசாமல் நீரூற்றிக் கழுவும்படி அன்போடு சொல்லுங்கள். அவ்வாறு பேணப்படும் வண்டிக்கு ஆண்டுகள் பல கழிந்தே இயந்திரம் தேவைப்படும்.