சாம்பல் நிறம் யாருக்குக் கிடைக்கிறது?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு இதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "ராசா, ராணி, டிராகன்... இதையெல்லாம் நாம ஏம்ப்பா படிக்கணும்? நூறு வருசமா புராணத்த எதிர்த்துட்டு, இப்ப இங்கிலீசு புராணத்துக்குக் கூட்டம் போடுறீங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் நம் இயக்கம் புராணத்தைப் படிக்காமல் எதிர்க்கவில்லை, படித்துத்தான் எதிர்த்தது. யாரை அரக்கன் என்கிறார்கள், சம்பூகன் தலை எதற்காக விழுந்தது, ஏகலைவன் கட்டைவிரல் யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. புலவர் குழந்தை 1946-இல் இராவண காவியத்தையே எழுதினார். 1948-இல் தடை செய்தார்கள், 1971-இல்தான் தடை நீங்கியது. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையைத் தோற்றுப்போன மோர்டோரின் பக்கம் நின்று 1999-இல் ரஷ்ய மொழியில் எழுதினார் கிரில் யெஸ்கோவ். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. ஆகவே இந்த வாசிப்பு நமக்குப் புதிதல்ல.

நான் இன்று பேசப்போவது முக்கியமாக ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' பற்றி. உங்களில் பலர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடராகப் பார்த்திருப்பீர்கள். 1996 முதல் 2011 வரை ஐந்து தடித்த புத்தகங்கள் வந்தன. ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறோம். கதையைச் சொல்லாமல் பேச முடியாது, படிக்காதவர்கள் மன்னியுங்கள்.

இந்தப் புத்தகங்களைப் புகழும்போது எல்லாரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "இதில் நல்லவன் கெட்டவன் கிடையாது, எல்லாரும் சாம்பல் நிறம்." கல்லூரி விடுதியில் இருந்த நாங்கள் ஐந்தாறு பேரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். ஜெய்மி லானிஸ்டர் முதல் புத்தகத்தில் ஒரு சிறுவனைக் கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். மூன்றாம் புத்தகத்தில் அவன் வாயாலேயே கதை கேட்கிறோம். அவன் கை வெட்டப்படும்போது நமக்கு வலிக்கிறது. பெரிய எழுத்துதான், மறுக்கவில்லை.

அதே முதல் புத்தகத்தில் மைக்கா என்று ஒரு பையன் வருகிறான். கசாப்புக்காரர் மகன். பிரபுவின் மகள் ஆர்யாவோடு ஆற்றங்கரையில் குச்சியை வாளாக வைத்து விளையாடுகிறான். இளவரசன் ஜோஃப்ரி வந்து வம்புக்கு இழுக்கிறான், ஆர்யாவின் ஓநாய் அவனைக் கடிக்கிறது. பிரபு மகளுக்குத் தண்டனை இல்லை. கடித்த ஓநாய் தப்பிவிட்டதால் அவள் அக்காவின் ஓநாயைக் கொல்கிறார்கள். மைக்காவை 'வேட்டைநாய்' என்று பெயரெடுத்த சாண்டர் கிளிகேன் குதிரையில் துரத்தி வெட்டிப்போடுகிறான்.

அந்த ஓநாயின் பெயர் லேடி. அதன் உடலை வடக்கே கொண்டுபோய்ச் சொந்த மண்ணில் புதைக்க நான்கு ஆட்களை அனுப்புகிறார் பிரபு. மைக்கா ஒரு சாக்கில் அப்பாவிடம் வந்து சேர்கிறான். வெட்டிய பன்றி என்றுதான் அந்த மனிதர் முதலில் நினைத்தாராம். அந்த அப்பாவுக்குப் பெயர்கூடக் கிடையாது. வெறும் 'கசாப்புக்காரர்'.

மூன்றாம் புத்தகத்தில் சாண்டர் கலகக்காரர்களிடம் பிடிபடுகிறான். மைக்காவைக் கொன்றதை ஆர்யா சபை நடுவே சொல்கிறாள். அவன் மறுக்கவில்லை. இளவரசர் குற்றம் சாட்டினார், இளவரசரைக் கேள்வி கேட்பது என் வேலையா என்கிறான். சண்டை போட்டு ஜெயித்தால் கடவுளே விடுவித்ததாக அர்த்தம் என்பது அந்த ஊர் சட்டம். சாண்டர் ஜெயிக்கிறான்.

தோழர்களே, அந்த இடத்தில் நான் சந்தோசப்பட்டேன். மெஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். "அப்பாடா, பொழச்சுட்டான்" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். ஏனென்றால் சின்ன வயதில் அவன் முகத்தை அவன் அண்ணனே நெருப்பில் அழுத்தியது எனக்குத் தெரியும். அவனுக்குத் தீயைக் கண்டால் பயம் என்று தெரியும். மைக்காவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆர்யா சொல்லும்வரை அந்தப் பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது. எந்தக் குலத்துக்கு எந்தச் சின்னம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தப் பெயர் மட்டும் நிற்கவில்லை.

இதில் மார்ட்டினைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மைக்காவை எழுதினார். யாரோ ஒருத்தி அவனை மறக்காமல் இருப்பதையும் எழுதினார். மறந்தது நான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே வருடம் எங்கள் விடுதியில் ஒன்று நடந்தது. முதலாமாண்டு மாணவன் ஒருவனை மூன்றாமாண்டு மாணவர்கள் அறைக்குள் வைத்து அடித்தார்கள். அவன் எங்கள் தெருக்காரன் அல்ல, ஆனால் எங்களைப் போன்ற தெருவிலிருந்து வந்தவன். ஒரு சீனியரின் கட்டிலில் உட்கார்ந்ததுதான் காரணம். அடிக்கும்போது என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியும்.

விசாரணை வைத்தார்கள். அடித்தவனைப் பற்றி அந்த அறையில் எவ்வளவு சொன்னார்கள் தெரியுமா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நன்றாகப் படிக்கிற பையன். வேலைக்குத் தேர்வாகியிருக்கிறான், எதிர்காலம் பாழாகிவிடும். அன்றைக்கு ஏதோ மன உளைச்சல். ஒரு நாவலுக்குத் தேவையான எல்லாமே அவனுக்குக் கிடைத்தது. அடிபட்டவனைப் பற்றிச் சொன்னது ஒரே வார்த்தை: 'சம்பந்தப்பட்ட மாணவர்'.

அன்று இரவு புத்தகம் படிக்கும் நண்பர்களில் ஒருவன் சொன்னான்: "விடு மச்சான், யாருமே முழு வில்லன் இல்ல. எல்லாரும் சாம்பல்தான்." புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்ட வார்த்தை. நான் பதில் பேசவில்லை. விசாரணை அறைக்கு வெளியே நின்றிருந்தேன், உள்ளேயும் போகவில்லை. அந்தப் பையன் இரண்டு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டுப் போனான்.

அதன் பிறகு அந்தப் புத்தகங்களை மறுபடி படித்தேன். இந்தமுறை ஒரே ஒரு கேள்வியோடு: சிக்கலான மனசு யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? யாருக்கு வெறும் காயம் மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது?

கதை பெரும்பாலும் பிரபு குடும்பத்து ஆட்களின் தலைக்குள்ளிருந்தே நகர்கிறது. டாவோஸ் மாதிரி சேரியில் பிறந்து மேலே வந்த ஒருவர் அபூர்வம். அடிமை நகரங்களை டேனெரிஸ் விடுவிக்கிறாள், மக்கள் அவளை 'அம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அந்த விடுதலை அவள் கண் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. அடிமை விரிகுடாவில் விடுதலை பெற்றவர்களில் ஒருவருக்கும் கதை சொல்லும் அத்தியாயம் இல்லை. ஏலத்தில் விற்கப்படுவது எப்படி இருக்கும் என்று ஐந்தாம் புத்தகத்தில் உள்ளிருந்து காட்டுகிறார்கள். ஏலம் போவது டிரியன், பெரும் பணக்காரப் பிரபுவின் மகன்.

ஆனாலும் அதே கதையில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. 'அன்சல்லீட்' என்ற அடிமைப் படைவீரர்களுக்குத் தினமும் ஒரு பெயர். புழு, பூச்சி, எலி என்று இழிவான பெயர்கள். காலையில் கைக்கு வந்ததை எடுக்க வேண்டும், இரவில் திருப்பிப் போட வேண்டும். தனக்கென்று ஒன்று இல்லை என்பதை மனசில் பதியவைக்கத்தான் இந்த ஏற்பாடு. விடுதலைக்குப் பிறகு பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றதும் அவர்களில் ஒருவன் 'கிரே வார்ம்' என்பதையே, அதாவது 'சாம்பல் புழு' என்பதையே வைத்துக்கொள்கிறான். பிறந்தபோது வைத்த பெயரோடு அடிமையானேன், இந்தப் பெயர் இருந்த நாளில்தான் விடுதலையானேன் என்பது அவன் விளக்கம். அந்த இரண்டு நிமிடம் அவன் முழு மனிதன். தான் யார் என்பதற்கு அவனிடம் சொந்தமாக ஒரு தர்க்கம் இருக்கிறது. பிறகு கதை மறுபடி அரியணைக்குப் போய்விடுகிறது.

அந்த இரண்டு நிமிடத்தை மூன்று புத்தகமாக எழுதியவர் என். கே. ஜெமிசின். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர். அவருடைய 'புரோக்கன் எர்த்' வரிசை 2015, 2016, 2017-இல் வந்தது. மூன்றுக்கும் சிறந்த நாவலுக்கான ஹியூகோ விருது 2016, 2017, 2018 என அடுத்தடுத்துக் கிடைத்தது. அந்த விருதை அப்படி மூன்று முறை தொடர்ந்து வாங்கிய முதல் எழுத்தாளர் அவர்தான்.

அந்த உலகத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் சாதி இருக்கிறது. நான் சேர்த்துச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் அவர் பயன்படுத்தும் சொல்லே 'யூஸ்-காஸ்ட்'. முதலில் சொந்தப் பெயர், அடுத்து என்ன வேலைக்குப் பயன்படுவாய் என்கிற சாதி, கடைசியில் ஊர். இவை எல்லாவற்றுக்கும் வெளியே ஓரோஜீன்கள். பூமி அதிர்வை அடக்கும் ஆற்றலோடு பிறந்தவர்கள். ஊரே அவர்கள் உழைப்பால்தான் நிற்கிறது, ஊர்தான் அவர்களைக் கொல்கிறது. 'ரோகா' என்பது அவர்களை இழிவாகக் கூப்பிடும் சொல். இதற்கெல்லாம் சாட்சியாகக் கற்பலகைச் சட்டங்கள் இருக்கின்றன. அவை மாறாதவை என்று எல்லாரும் நம்புகிறார்கள். காலத்துக்குக் காலம் ஆள்பவர்கள் அதை மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் போட்டு உடைக்கிறது. ஸ்மிருதிகளை வாசித்த நமக்கு இது விளங்கச் சிரமமில்லை.

ஜெமிசின் ஒடுக்கப்பட்டவர்களைப் புனிதர் ஆக்கவில்லை. கதாநாயகி எஸ்ஸுன் தன் மகனைப் பறிகொடுத்த தாய். ஒரு ஊரையே அழிக்கிறவள். சின்ன வயதில் அவள் கையைப் பயிற்சி என்ற பெயரில் உடைத்தார்கள், அவளும் தன் மகள் கையை உடைக்கிறாள். மகள் அதை மன்னிக்கவில்லை. இங்கேயும் சாம்பல் நிறம் உண்டு. ஆனால் யார் யாரை எதற்காக நசுக்குகிறார்கள் என்பது ஒரு பக்கத்திலும் மங்கலாவதில்லை. சிக்கலான மனசு வேறு, தப்பிக்கும் வழி வேறு என்று எனக்குப் புரியவைத்தது இந்தப் புத்தகம்தான்.

அதில் யிக்கா என்று ஓர் ஊர்த்தலைவி வருகிறாள். சாதிப் பெயர் வரவேண்டிய இடத்தில் அந்த இழிசொல்லையே வைத்துக்கொள்கிறாள்: யிக்கா ரோகா காஸ்ட்ரிமா. படித்ததும் எனக்கு இரட்டைமலை சீனிவாசன் ஞாபகம் வந்தார். 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது அவர் வைத்த பெயர் 'பறையன்'.

அந்த விடுதித் தம்பியைப் போன வருடம் தேடிப்பிடித்துப் போனில் பேசினேன். வேறு கல்லூரியில் படிப்பை முடித்து வேலையில் இருக்கிறான். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டுக் கேட்டான்: "அண்ணா, அன்னிக்கு வெளிய நின்னுட்டு இருந்தீங்கல்ல?" ஆமாம் என்றேன். "பார்த்தேண்ணா" என்றான். அவ்வளவுதான். அவன் பெயரை இங்கே சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு.

அதனால் தோழர்களே, ஆயிரம் பக்கப் புத்தகம் படியுங்கள், ஜெய்மிக்காக அழுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவர், குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர், சாக்கில் வந்தவர் என்று யார் வந்தாலும் அவர்கள் பெயரை எழுதுங்கள். பெயர் இல்லையென்றால், இல்லை என்று எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் ஜெமிசினின் முதல் நாவல் 'தி ஃபிஃப்த் சீசன்' பற்றிப் பேசுகிறோம். நம்மிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. படித்தவர்கள் சீக்கிரம் கைமாற்றிவிடுங்கள்.