மணி ஜெர்மனி போகிறான்

வெளிநாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என் கிளினிக்குக்கு வரும்போது, அநேகமாகக் கையில் விமான டிக்கெட்டோடுதான் வருகிறார்கள். "டாக்டர், அடுத்த மாசம் ஃபிராங்ஃபர்ட். எங்க நாய் மணிக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்துடுங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "சிப் போட்டாச்சா?"

சிப் என்பது அரிசி மணி அளவில் ஒரு பொருள். ஊசி வழியாகத் தோலுக்கடியில் போய்விடும். அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். முதலில் இந்தச் சிப், அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. வரிசை மாறினால் ஐரோப்பாவில் அந்த ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். எதிர்ப்பு சக்தி ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்கவேண்டும். இருந்தால்? உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆக, நாலு மாதம் இல்லாமல் காரியம் ஆகாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டு வந்தால் அந்த ரத்தப் பரிசோதனை ஆயுசுக்கும் செல்லும். அதனால், "போனாலும் போவோம்" என்று வீட்டில் பேச்சு அடிபடும்போதே மணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மற்ற நாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். நாயாக இருந்தால், போய்ச் சேர்வதற்கு 1 முதல் 5 நாள் முன்னால் நாடாப்புழு மருந்தும் கொடுக்கவேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் நாய்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டது. ஆறு மாதம் நிறையாத குட்டியைக் கொண்டுபோக முடியாது; நம் நாடு ரேபிஸ் அபாயப் பட்டியலில் இருப்பதால் கெடுபிடி இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிருந்து நேரே போகவே வழியில்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் 180 நாளாவது இருந்துவிட்டுப் போகவேண்டும். 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு சின்ன நாய்கள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே இறங்கி, அமைச்சர் வரைக்கும் விவகாரம் போனது நினைவிருக்கும். பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

சரி, காகிதக் கதை போதும். எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பெட்டி.

பெட்டிக்குள் மணி தலை இடிக்காமல் நிற்கவேண்டும், திரும்பவேண்டும், காலை நீட்டிப் படுக்கவேண்டும். உலக விமானப் போக்குவரத்து விதி இது. டேப்பை எடுத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள். உயரத்தைத் தலையோடு நிறுத்தாதீர்கள்; விறைத்து நிற்கும் காது என்றால் காது நுனிதான் கணக்கு. சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான, நெட்டைக்கால் நாய் வைத்திருப்பவர்கள் இங்கேதான் அதிர்ச்சி அடைவார்கள். கார்கோவில் நாயின் எடையை விடப் பெட்டி அடைக்கிற இடத்துக்குத்தான் காசு!

இன்னொரு பக்கம் பாருங்கள். நங்கநல்லூர்த் தெருவில் பொறுக்கி எடுத்து வளர்த்த மணிக்கு விமானத்தில் தாராளமாக இடம் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பக் நாயையும் பெர்சியன் பூனையையும் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. சப்பை மூக்கு. வெப்பமும் பயமும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். நாட்டு நாயின் நீள மூக்குக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பெட்டியை வாங்கிப் பரணில் போட்டு, கிளம்பும் நாளில் இறக்காதீர்கள். பூனைகளுக்கு இது தெரியும்: பெட்டி வந்தால் ஊசி வரும். என்னிடம் வந்த ஒரு பூனை, பெட்டிச் சத்தம் கேட்டதும் பீரோ மேல் ஏறி மாலை வரைக்கும் இறங்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களிடம் பெட்டியின் கதவைக் கழற்றி ஹாலிலேயே வைக்கச் சொன்னேன். கருவாட்டுத் துண்டை முதலில் வாசலில் வையுங்கள், பிறகு உள்ளே. பாட்டியின் பழைய நூல்புடவையை, துவைக்காமல், மெத்தையாகப் போடுங்கள். கொஞ்ச நாளில் மகாராணி மத்தியானத் தூக்கத்துக்குத் தானே உள்ளே போய்விட்டாள். அப்புறம் கதவை மாட்டி ஒரு நிமிடம் சாத்தினோம், பிறகு பத்து நிமிடம். அதற்குப் பிறகு பெட்டியோடு காரில் ஏற்றி மீனம்பாக்கம் பக்கம் ஒரு சுற்று. அந்தப் புடவையோடுதான் விமானமும் ஏறினாள்.

"தூக்க மாத்திரை கொடுக்கலாமா டாக்டர்?" இதைக் கேட்காத ஆளே இல்லை. வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது, மேலே கவனிக்க ஆளும் கிடையாது. மயக்கத்தில் இருக்கிற விலங்கைப் பல நிறுவனங்கள் ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடும். அதைவிட, கதவில் மாட்டும் தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஏற்றும்போது சிந்தாது, பனிக்கட்டி மெல்லக் கரைந்து வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும்.

இதய நோய் இருக்கிற, கண் மங்கிய கிழட்டு நாய் என்றால் என் யோசனை வேறு. இங்கே பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டி இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். வீடியோ காலில் குரல் கேட்டால் அது வாலாட்டும்.

நேரம் ஆகிவிட்டது, ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப்புறம் கை காட்டுகிறார்கள். கடைசியாக ஒன்று. சிப் உங்கள் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது, அதில் வெறும் எண்தான். புது ஊரில் மணி வார் அறுத்துக்கொண்டு ஓடினால், கண்டெடுத்தவர் அந்த எண்ணை வைத்துத்தான் உங்களைத் தேடவேண்டும். ஜெர்மனியில் டாஸ்ஸோ என்ற அமைப்பு இலவசமாகவே பதிவு செய்கிறது. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர்ப் போன் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அப்படியே நகராட்சியில் நாய் வரியும் கட்டிவிடுங்கள், அங்கே அதுவும் உண்டு! உங்கள் வீட்டு மணிகள் எல்லோரும் சுகமாகப் போய்ச் சேரட்டும்.